பெல்ட்டுக்குக் கூண்டு

ஆதிமூலம் பஸ்ஸை நிறுத்திய இடம், எந்த பஸ்ஸும் நிற்கிற இடமில்லை. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் சாலை, செஞ்சியைத் தாண்டியதும் இரண்டு மலைக்கோட்டைகளுக்கு நடுவே புகுந்து போகும். இரண்டு பக்கமும் யானை யானையாகப் பாறைகள். அந்த வளைவில், 1983ஆம் வருஷம் சித்திரை மாதக் கடைசியில், பகல் பதினொன்றரை மணிக்கு, ஐம்பத்திரண்டு பேரை ஏற்றிக்கொண்டு வந்த வண்டியை ஓரம் கட்டி எஞ்சினை அணைத்தான்.

டயர் பஞ்சர் என்று நினைத்துச் சிலர் இறங்கினார்கள். கண்டக்டர் பின்வாசலிலிருந்து ஓடி வந்து டிரைவர் ஜன்னலைத் தட்டினான்.

"இன்னாண்ணே ஆச்சு?"

"கை வரல."

"கை வரலன்னா?"

ஆதிமூலம் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கின் மேல் வைத்தபடியே இருந்தான். கியர் கம்பிக்குப் போகச் சொன்னால் இடது கை கேட்கவில்லை, ஸ்டியரிங்கைத் திருப்பச் சொன்னால் வலது கையும் கேட்கவில்லை. வலி இல்லை, மரத்துப்போகவும் இல்லை. யாரோ வேறொருவருடைய கைகளைக் கொண்டுவந்து அங்கே வைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. ஒரு மணி நேரம் கழித்துப் பின்னால் வந்த வண்டியில் வேறு டிரைவர் வந்து இறங்கி ஓட்டிக்கொண்டு போனார். ஆதிமூலம் இறங்கி, வெயிலில் நடந்தே செஞ்சியிலிருந்த வீட்டுக்குத் திரும்பினான். அதற்குப் பிறகு அவன் பஸ் ஓட்டவே இல்லை.

அது திடீரென்று வந்ததல்ல. பதினாறு வருஷம் ஒரே முதலாளியிடம் ஓட்டினான். கடைசி மூன்று வருஷமாகப் பின்னால் இன்னொரு கம்பெனி வண்டி ஆறு நிமிஷ இடைவெளியில் வந்தது. அது முந்தினால் ஸ்டாப்பில் ஆள் இருக்காது, வசூல் குறையும், குறைந்தால் அன்று சாயங்காலம் முதலாளி முகம் கொடுத்துப் பேசமாட்டார். அதோடு அவன் ஓட்டிய வண்டியின் பிரேக். ஒரு முறை மிதித்தால் பாதிதான் பிடிக்கும், இரண்டாம் முறை மிதித்தால்தான் முழுசாகப் பிடிக்கும். அவன் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தான்.

"அடுத்த மாசம் பாத்துக்கலாம் ஆதிமூலம். இப்ப வண்டிய ஷெட்டுல போட்டா கலெக்ஷன் போயிடும். நீ ஓட்டத் தெரிஞ்சவன், உனுக்கு இன்னா?"

ஓட்டத் தெரிந்தவன்தான். அதனால் யாரையும் அடிக்கவில்லை. ஆனால் ரோட்டோரம் குடத்தோடு நிற்கிற ஒவ்வொரு பெண்ணும் அடுத்த நொடி குறுக்கே ஓடிவரப் போகிறாள் என்று அவனுக்குத் தோன்ற ஆரம்பித்தது. படுத்தால் தூக்கத்தில் வலது கால் தானாக மிதித்தது, இரண்டு முறை. பக்கத்தில் படுத்திருந்த மனைவி ரஞ்சிதத்தின் காலில் பட்டு அவள் எழுந்து உட்கார்ந்த நாட்கள் உண்டு.

வீட்டில் மூன்று மாதம் கிடந்தான். திண்டிவனத்தில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, உடம்பில் ஒன்றுமில்லை, நரம்பு ஓய்ந்துபோயிருக்கிறது, கொஞ்ச நாள் ஸ்டியரிங் பக்கமே போகவேண்டாம் என்றார். ஊரில் சிலர் பேய் அடித்தது என்றார்கள். கோட்டைப் பாறைக்குக் கீழே நிறுத்தினால் அடிக்காமல் என்ன செய்யும் என்றார்கள். ரஞ்சிதம் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அவள் தையல் மெஷின் வைத்திருந்தாள். ரவிக்கை தைத்து வருகிற காசில் வீடு ஓடியது. மகள் மங்கை ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். அப்பா எதிரில் சத்தமாகப் பேசக்கூடாது என்று அவளாகவே தெரிந்துகொண்டு, பாடத்தை மனசுக்குள் படித்தாள்.

ஆவணியில் பி.எஃப். பணமும் கணக்குத் தீர்த்த பணமும் வந்தன. ஏற்கனவே போஸ்ட் ஆபீசில் போட்டிருந்ததையும் சேர்த்தால் பத்தொன்பதாயிரத்து நானூறு. அவ்வளவு பணத்தை ஒன்றாக அவர்கள் பார்த்ததில்லை. இனி அப்படி ஒன்றாக வரப்போவதும் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தே இருந்தது.

ரஞ்சிதத்தின் தம்பி தனகோட்டி அந்த வாரமே வந்தான். நெல் கமிஷன் மண்டியில் ஓடியாடி வேலை செய்பவன். பேச்சில் கெட்டி.

"மாமா, செஞ்சிக்கு வர்ற நெல்லு எவ்ளோன்னு உனுக்குத் தெரியாது. ரைஸ் மில்லு போடு. உன் பத்தொம்பதப் போடு, வட்டிக்கு ஒரு முப்பது நான் புரட்டித் தரேன். ரெண்டு வருசத்துல நீயே ஒரு பஸ்சு வாங்கிடலாம்."

பஸ் என்ற சொல்லைக் கேட்டதும் ஆதிமூலம் எழுந்து வெளியே போய்விட்டான்.

ரஞ்சிதம் அன்று சாப்பாடு போடும்போது பேச்சை எடுத்தாள்.

"வட்டிக்கு வேணாங்க. நம்ம பணத்துலயும் முழுசா எறக்க வேணாம். பாதி போடுங்க. பாதி போஸ்ட் ஆபீஸ்லயே கெடக்கட்டும். தொழில் போனாலும் பொண்ணு இருக்குது, நாம இருக்கறோம்."

"பாதியில இன்னா தொழிலு வரும்?"

"பாதியில வர்ற தொழில பாருங்க."

அவனுக்கு அது பிடித்திருந்தது. தெளிவாக ஒரு கோடு போட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது. ஒன்பதாயிரத்து நானூறைத் தொடுவதில்லை. என்ன வந்தாலும் தொடுவதில்லை. மூன்று மாதமாக வராத தூக்கம் அன்று நாலு மணி நேரம் வந்தது.

பாதியில் வருகிற தொழில் பீரங்கிமேட்டுப் பக்கம் கிடைத்தது. நூர் முகமது என்பவர் பத்து வருஷமாக அங்கே மாவு மில் வைத்திருந்தார். தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. ஒரு பக்கம் ஏழரைக் குதிரைத்திறன் மோட்டார், இன்னொரு பக்கம் கல் பூட்டிய அரவை மெஷின், இரண்டையும் இணைத்துப் பதினான்கு அடி நீளத்தில் ஓடுகிற அகலமான பெல்ட். மின் இணைப்பு ஏற்கனவே இருந்தது. சுற்றிலும் நாலு தெருவுக்கு வேறு மில் இல்லை. இவ்வளவும் ஏழாயிரத்து ஐந்நூறுக்கு வந்தது ஆதிமூலத்துக்கே ஆச்சரியம்.

"இன்னா பாய், நல்லா ஓடுற மில்லுன்றாங்க. ஏன் குடுக்கறீங்க?"

நூர் முகமது இடது கையைத் தூக்கிக் காட்டினார். சுண்டுவிரலும் மோதிரவிரலும் இல்லை.

"இது போயி நாலு வருசம் ஆச்சு. விரலுக்காக விக்கல. போன மாசம் என் தங்கச்சி வந்து நின்னா. முந்தானி அந்தப் பக்கமா பறந்துது. பெல்ட்டுக்கும் அதுக்கும் இவ்ளோதான் இருந்துது." நாலு விரற்கடை அளவு காட்டினார். "அன்னிக்கி மோட்டார நிறுத்திட்டு வீட்டுக்குப் போனவன், இதோ இப்ப உன்னோடதான் கதவத் தொறக்கறேன்."

ஆதிமூலம் பெல்ட்டைப் பார்த்தான். அசையாமல், தொய்ந்து கிடந்தது. நடுவே இரும்புக் கொக்கிகளால் இணைத்த இடம் மட்டும் வெயிலில் மின்னியது.

"டிரைவரே, விக்கிறவன் குறை சொல்லக்கூடாது. ஆனா சொல்லாம வித்தா நான் தூங்க முடியாது. மொத வேலையா இதுக்கு ஒரு இரும்புக் கூண்டு அடிச்சிடு. நான் பத்து வருசமா அடிக்கணும் அடிக்கணும்னே இருந்தேன். பொம்பளைங்கள இந்தப் பக்கம் வர விடாத."

"கட்டாயம் அடிச்சிடறேன் பாய்."

சொன்னது போலவே வெல்டிங் பட்டறைக்குப் போய்க் கேட்டான். கம்பி வலை வைத்து, கோண இரும்பில் சட்டம் போட்டு, அறுநூற்று நாற்பது ரூபாய் ஆகும் என்றார்கள். மில்லுக்கு ஏழாயிரத்து ஐந்நூறு, இடத்துக்கு அட்வான்ஸ் ஆயிரம், மோட்டாருக்குக் காயில் கட்ட எண்ணூறு, கல் கொத்த, தராசு வாங்க, போர்டு எழுத என்று போனதில் பத்தாயிரத்தில் கையில் மிஞ்சியது நூற்றுப்பத்து ரூபாய். கூண்டு அடிக்க வேண்டுமானால் ரஞ்சிதம் போட்ட கோட்டைத் தாண்டி அந்தப் பாதியில் கை வைக்க வேண்டும். முதல் மாத வருமானத்தில் அடித்துவிடலாம் என்று வைத்துக்கொண்டான். அதுவரைக்கும் பெல்ட்டுக்கு இந்தப் பக்கம் இரண்டு கம்பம் நட்டு ஒரு கயிறு கட்டினான்.

1984 தை மாதம் மில் ஓட ஆரம்பித்தது.

முதல் நாள் கயிற்றை ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு ஸ்டார்ட்டரை அழுத்தினான். மோட்டார் சீராக எடுத்தது. பெல்ட் முதலில் படபடத்து, பிறகு இறுகி, ஓடுவதே தெரியாத மாதிரி ஓடியது. கேழ்வரகு மாவு சூடாகத் துணிக்குழாய் வழியே டின்னில் இறங்கியது. கிழங்கட்டைகளிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரை வந்து வரிசையில் நின்றார்கள். பின்னால் ஆறு நிமிஷத்தில் எந்த வண்டியும் வரவில்லை. சாயங்காலம் முப்பத்தோரு ரூபாய் இருந்தது. ஆதிமூலம் தலை, புருவமெல்லாம் மாவோடு வீட்டுக்கு வந்ததைப் பார்த்து மங்கை சிரித்தாள். அந்த வீட்டில் ரொம்ப நாளைக்குப் பிறகு கேட்ட சிரிப்பு அது.

மாசி போனது, பங்குனி போனது. முதல் மாத வருமானம் கல்லுக்கும் கரண்ட் பில்லுக்கும் போனது. இரண்டாவது மாதம் மிளகாய் அரைக்கத் தனி மெஷின் இல்லாமல் ஆட்கள் திரும்பிப் போனார்கள் என்று பழைய மிளகாய் மெஷின் ஒன்றைத் தவணையில் எடுத்தான். கூண்டு நினைவில் இருந்தது. ஒவ்வொரு நாளும் கயிற்றைப் பார்க்கும்போது நினைவுக்கு வந்தது. வெயில் காலத்தில் கயிறு இற்று அறுந்தபோது வேறு கயிறு கட்டினான்.

ஐப்பசியில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் புதிய மில் ஒன்று வந்தது. பளபளவென்று கோயம்புத்தூர் மெஷின். படிக்கு இருபது பைசா என்றிருந்த கூலியை அவர்கள் பதினைந்து பைசாவாக்கினார்கள். ஆதிமூலமும் குறைத்தான். அன்றிலிருந்து அவனுக்குள் பழைய ஓட்டம் ஒன்று ஆரம்பித்தது. யாராவது தலையில் டின்னோடு தெருவில் போனால், நம்மிடம் வருகிறாரா அங்கே போகிறாரா என்று கழுத்தை நீட்டிப் பார்த்தான். மத்தியானச் சாப்பாட்டை மில்லிலேயே நின்றபடி சாப்பிட்டான். பெல்ட் நழுவினால் மோட்டாரை நிறுத்தாமலே, பிடிப்புக்காக அதில் மெழுகைத் தேய்த்தான். நிறுத்தி எடுத்தால் நாலு நிமிஷம் போகும். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள்.

ஒரு நாள் தோளில் கிடந்த துண்டு நழுவியது. அது விழுந்ததை அவன் பார்க்கவில்லை. "சட்" என்று ஒரு சத்தம். திரும்பினால் துண்டு இல்லை. எதிர்ச் சுவரில் கிழிந்த துணி ஒட்டிக்கொண்டிருந்தது. காத்திருந்த பெண்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அன்று படுத்தபோது வலது கால் தானாக மிதித்தது.

ரஞ்சிதம் கேட்டாள்.

"மறுபடியும் ஆரம்பிச்சிடுச்சா?"

"ஒண்ணுமில்ல, படு."

"கூண்டு அடிங்க. போஸ்ட் ஆபீஸ் புஸ்தகத்துலேர்ந்து எடுங்க. நான்தான தொடக்கூடாதுன்னு சொன்னது, நானே சொல்றேன், எடுங்க."

"ஒரு தரம் தொட்டா அப்புறம் ஒவ்வொண்ணுக்கும் கை போவும். பொங்கல் வரட்டும். பொங்கல் அரவையில அடிச்சிடலாம். அடுத்த மாசந்தான."

ரஞ்சிதம் விளக்கைக் குறைத்துவிட்டுச் சொன்னாள்: "ஒங்க மொதலாளியும் இதத்தான சொன்னாரு."

இரண்டு நாள் அவன் அவளோடு பேசவில்லை. கோபம் அவள்மேல் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் மில்லைத் திறக்கும்போது, பெல்ட்டில் கொக்கிகள் இணைத்த இடத்துக்குப் பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பைப் பார்த்தான். புது பெல்ட் முந்நூற்று எண்பது ரூபாய். வெடிப்பை வெட்டிவிட்டு மறுபடி கொக்கி போட்டு இணைத்தான். பெல்ட் ஒரு சாண் குறைந்து முன்னைவிட இறுக்கமாக ஓடியது. ஓடும்போது, ஒவ்வொரு சுற்றுக்கும் கொக்கிகள் புல்லிச் சக்கரத்தில் தட்டுகிற சத்தம் மட்டும் கூடுதலாகக் கேட்டது. டக், டக், டக். ஒரு வாரத்தில் அந்தச் சத்தம் பழகிவிட்டது. அவனுக்கு மட்டுமல்ல, தெருவுக்கே பழகிவிட்டது.

பொங்கலுக்கு அரவை வந்தது. அந்தப் பணம் மங்கையின் பத்தாம் வகுப்பு டியூஷனுக்கும் மிளகாய் மெஷின் தவணைக்கும் போனது. போஸ்ட் ஆபீஸ் புத்தகத்தில் ஒன்பதாயிரத்து நானூறு வட்டியோடு வளர்ந்துகொண்டிருந்தது. அதை எடுத்துப் பார்க்கிறபோதெல்லாம் அவனுக்கு ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதி மில் வாசலில் காலை வைத்ததும் போய்விடும். இது ஏன் என்று அவன் யோசிக்கவில்லை. யோசிக்க நேரமில்லை.

1985 ஆடி மாதம். அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற சமயத்தில் செஞ்சியைச் சுற்றியிருக்கிற ஒவ்வொரு தெருவும் மூட்டை மூட்டையாகக் கேழ்வரகு அரைக்கும். இரண்டாவது வெள்ளிக்கு முந்தின நாள் காலையிலேயே மில் வாசலில் நாற்பது டின் வரிசையாக இருந்தது. ரஞ்சிதமும் தையலை விட்டுவிட்டு வந்து தானியம் அளந்து போட்டுக்கொண்டிருந்தாள். கரண்ட் குறைந்து குறைந்து வந்தது, மோட்டார் முனகியது. பெல்ட் நழுவியது. ஆதிமூலம் ஓட ஓட மெழுகு தேய்த்தான். கயிறு கட்டியிருந்த கம்பம் ஒன்று சாய்ந்துபோய், டின் வைக்க இடமில்லை என்று யாரோ அதைச் சுவரோரம் எடுத்து வைத்திருந்தார்கள்.

பவுனம்மாள் அந்தத் தெருக்காரிதான். புருஷன் இல்லை. மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பறிக்கவும் களை எடுக்கவும் போய்ப் பிழைப்பவள். அன்று அவள் டின் மெஷினுக்குப் பின்பக்கம் மாட்டிக்கொண்டது. "பவுனு, உன் டின்னு அங்க இருக்குது பாரு" என்று யாரோ காட்டினார்கள். அவள் மோட்டாருக்கும் சுவருக்கும் நடுவே ஒருக்களித்துப் போய்க் குனிந்தாள்.

ஆதிமூலம் அதைப் பார்த்தான். அவள் குனிவதைப் பார்த்தான். முந்தானை தோளிலிருந்து சரிவதைப் பார்த்தான். "யம்மா, வராத" என்று சொல்ல வாய் திறந்தான். அதற்குள் கொக்கி துணியைக் கவ்விவிட்டது.

பவுனம்மாள் கத்தவில்லை. கத்துவதற்கு அவகாசமில்லை. முந்தானையோடு சேர்த்து வலது கையைப் புல்லிப் பக்கம் இழுத்தது. ஆதிமூலத்துக்கு ஸ்டார்ட்டர் இரண்டு எட்டுத் தூரம். அவன் கைகள் இரண்டும் முன்னால் நீட்டியபடி அப்படியே நின்றன. கோட்டை வளைவில் நின்ற அதே கைகள். எவ்வளவு நேரம் என்று பின்னால் அவனால் சொல்ல முடிந்ததில்லை. ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம்தான் என்றாள் ரஞ்சிதம். அவள்தான் தானியப் படியை வீசிவிட்டுப் பாய்ந்து போய்ச் சிவப்புப் பொத்தானை அடித்தாள். மோட்டார் அடங்கினாலும் கல் சுற்றிய வேகத்தில் பெல்ட் இன்னும் ஓடியது. அப்போதுதான் அவன் கைகளுக்கு உயிர் வந்தது. பவுனம்மாளின் இடுப்பைக் கட்டிப் பிடித்துப் பின்னால் சாய்ந்தான். புடவை நெடுக்காகக் கிழிந்தது. இரண்டு பேரும் மாவின் மேல் விழுந்தார்கள்.

அறை முழுக்க நாற்பது பேர். வாசலில் நின்றவர்கள் டின்களைத் தள்ளி வழி விட்டார்கள்.

வலது கை முழங்கைக்கு மேலும் கீழும் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. தோல் உரிந்து போயிருந்தது. ரஞ்சிதம் தன் புடவையைக் கிழித்துச் சுற்றினாள். ஒரு டாக்சி பிடித்துப் பாண்டிச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வழி முழுக்க பவுனம்மாள் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"டிரைவரே, கை இருக்குதா? எனுக்குத் தெரியல, பாத்துச் சொல்லு. இருக்குதா?"

"இருக்குது. இருக்குதும்மா."

சாயங்காலம் தனகோட்டி ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டான். ஆதிமூலத்தை வேப்பமரத்தடிக்குத் தனியாக அழைத்துப் போனான்.

"மாமா, நான் சொல்றதக் கேளு. அவங்க தெருவாளுங்க கூடிப் பேசறாங்க. போலீசுக்குப் போனாலும் போவாங்க. கயிறு கட்டியிருந்துது, தாண்டி வந்துடுச்சின்னு சொல்லிடு. கயிறு இருந்தத நாலு பேரு பாத்திருக்காங்கல்ல? இப்ப நீ பணத்த எடுத்து நீட்டுனா தப்ப ஒத்துக்கிட்டதா ஆயிடும். அப்புறம் கேக்கறதுக்கு அளவே இருக்காது. ஒம்போதாயிரமும் கரைஞ்சிடும்."

தனகோட்டி கெட்டவன் இல்லை. அக்கா வீடு மூழ்கிவிடக் கூடாது என்றுதான் ஓடி வந்திருக்கிறான். அவன் சொல்வதில் கணக்கும் சரியாகத்தான் இருந்தது.

"கயிறு அன்னிக்கி இல்ல தனகோட்டி."

"அது யாருக்குத் தெரியும்?"

"எனுக்குத் தெரியும். மூணு வருசம் ஒரு பாதி பிரேக்க மிதிச்சிக்கினு வண்டி ஓட்டுனேன். அந்த மொதலாளிய நான் திட்டாத நாளு இல்ல. அவரு என்னத்தான் அதுல ஒக்கார வெச்சாரு. நான் ஊருப் பொம்பளைங்கள பெல்ட்டு பக்கத்துல நிக்க வெச்சேன்."

மறுநாள் போஸ்ட் ஆபீசுக்குப் போனான். புத்தகத்தை நீட்டும்போது கை தயங்கவில்லை என்பதை அவனே கவனித்தான். அதில் அவனுக்குச் சந்தோஷம் ஒன்றும் இல்லை.

தெருவாட்கள் பேசத்தான் வந்தார்கள். கோயில் எதிரில் உட்கார்ந்தார்கள். ஆதிமூலம் நடந்ததை நடந்தபடி சொன்னான். கூண்டு அடிக்கச் சொன்னார்கள், அடிக்கவில்லை என்பதையும், புத்தகத்தில் பணம் இருந்தது என்பதையும் சொன்னான். அதைச் சொன்னதும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. பணமில்லை என்று சொல்லியிருந்தால் இரக்கப்பட்டிருப்பார்கள். ஒருவர் எழுந்து, "பணத்த வெச்சிக்கினா பொம்பள கைய உட்ட?" என்று கேட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். வைத்தியச் செலவு முழுதும், பவுனம்மாள் கூலிக்குப் போகிற வரைக்கும் நாளொன்றுக்கு ஆறு ரூபாயும் தருவதாக ஆதிமூலமே சொன்னான். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

பவுனம்மாள் கூலிக்குப் போகப் பதினோரு மாதம் ஆயிற்று. கை இருந்தது. ஆனால் முழங்கை முழுசாக நீளவில்லை. களை எடுக்க முடியும், மல்லாட்டை பறிக்க முடியாது.

மில் நாற்பது நாள் மூடிக்கிடந்தது. அந்த நாற்பது நாளில் அவன் அறுநூற்று நாற்பதுக்குக் கேட்ட கூண்டை எழுநூற்றிருபதுக்கு அடித்தான். புது பெல்ட் போட்டான். ஸ்டார்ட்டரைச் சுவரிலிருந்து பெயர்த்து, தானியம் போடுகிற இடத்திலேயே கைக்கெட்டும்படி வைத்தான். ஆட்கள் நிற்க வாசலுக்கு வெளியே கீற்றுக்கொட்டகை போட்டு, உள்ளே வரவே முடியாதபடி பலகை அடித்தான். எல்லாம் முடிந்தபோது புத்தகத்தில் இரண்டாயிரத்துச் சொச்சம் இருந்தது.

திறந்த பிறகு ஆட்கள் வரவில்லை. பஸ் ஸ்டாண்டு மில்லுக்குப் பழகிவிட்டார்கள். வந்த ஓரிருவரும் பலகைக்கு வெளியே டின்னை வைத்துவிட்டு ஒரு எட்டுப் பின்னால் போய் நின்றார்கள். ஒரு நாளைக்கு ஒன்பது ரூபாய், பத்து ரூபாய். ரஞ்சிதத்தின் தையல் மெஷின்தான் அந்த வருஷத்தை ஓட்டியது. மூடிவிட்டு, எங்காவது வாட்ச்மேன் வேலைக்குப் போகலாமா என்று அவன் ஒரு முறை கேட்டான்.

"மூடுனா அந்த ஆறு ரூபாய எதுலேர்ந்து குடுப்பீங்க?" என்றாள் ரஞ்சிதம். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவர்கள் புதிதாக ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். வருகிற பணத்தில் முதலில் மெஷினுக்கு என்று ஒரு டப்பாவில் போடுவார்கள். பெல்ட், கல், கம்பி, எதுவானாலும் அதிலிருந்து. அது நிறைந்த பிறகுதான் வீடு. வீட்டுக்குப் பிறகு மிச்சமிருந்தால் போஸ்ட் ஆபீஸ். பல மாதங்கள் மிச்சம் இருக்காது. மங்கை அந்த வருஷமே பத்தாவது தேறியிருந்தாள். கல்லூரி வரைக்கும் போக முடியவில்லை. டைப்ரைட்டிங் படித்து, திண்டிவனத்தில் ஒரு வக்கீல் ஆபீசில் சேர்ந்தாள். அதைப் பற்றி அவள் அப்பாவிடம் ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

இரண்டு வருஷத்தில் மில்லுக்கு மெதுவாக ஆட்கள் திரும்பினார்கள். பெண்கள்தான் முதலில் வந்தார்கள். கூண்டு போட்ட மில் என்று அதற்குப் பேராகிவிட்டது. வருமானம் பிழைக்கப் போதும், அதற்கு மேல் இல்லை. ஆதிமூலத்துக்குத் தூக்கமும் ஒரு மாதிரி வந்தது. பகலில் மட்டும் காது எப்போதும் மெஷின் பக்கமே இருந்தது. யாராவது பேசிக்கொண்டிருக்கும்போது சத்தத்தில் கொஞ்சம் மாறினால்கூட, பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு நிறுத்திவிடுவான். நிறுத்தி, பெல்ட்டை முழம் முழமாக விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி ஓட்டுவான். காத்திருப்பவர்கள் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும் என்று இருந்தான்.

பவுனம்மாள் மட்டும் வரவில்லை. அவள் வீட்டுக் கேழ்வரகை ஆடிதோறும் பக்கத்து வீட்டுக்காரி கொண்டுவருவாள். ஆதிமூலம் கூலி வாங்கமாட்டான். கூலி வாங்கவில்லை என்றால் கொடுத்தனுப்பமாட்டேன் என்று பவுனம்மாள் சொல்லியனுப்பிய பிறகு வாங்கிக்கொண்டான்.

சில நாள் காலையில் அவள் களை வெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்த வழியாகப் போவாள். வளைந்த கையை மார்போடு சேர்த்து வைத்திருப்பாள். ஆதிமூலம் எழுந்து நிற்பான். மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் அவள் நடை கொஞ்சம் தயங்கும். அவன் முகத்தைப் பார்க்கமாட்டாள். அவனைத் தாண்டி உள்ளே, கம்பி வலைக்குள் ஓடுகிற பெல்ட்டைப் பார்த்துக்கொண்டே, தெருவின் அந்தப் பக்கமாக ஒதுங்கி நடந்து போவாள்.